விற்காத வீடு எந்தப் படியில் நிற்கிறது?

தென்சென்னையில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிட்லப்பாக்கத்தில் என் சித்தப்பாவுக்கு ஒரு வீடு. அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி. கீழே இரண்டு படுக்கையறை, மாடியில் ஒற்றை அறை, கட்டடம் எல்லாம் சேர்த்து 1,000 சதுர அடி, 2004-இல் கட்டியது. பெங்களூரில் மகனோடு போய் இருந்துவிடலாம் என்று 2024 தை பிறந்ததும் விற்பனைக்குப் போட்டார். விலை 1.35 கோடி. அடுத்த வருஷம் பங்குனி வந்துவிட்டது, வீடு அப்படியே இருந்தது. தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு புரோக்கரிடம் கேட்டேன். தெருப் பெயரைச் சொன்னதுமே, "அதுவா மேடம்? ரொம்ப நாளா சுத்துற வீடாச்சே" என்றார்.

இந்தச் "சுத்துற வீடு" என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கஷ்டம். வீடு நன்றாகவே இருக்கும். ஆனால் எட்டு மாதமாக ஒரே விளம்பரம் கண்ணில் பட்டால், வாங்க வருபவர் மனதில் எழும் முதல் கேள்வி விலையைப் பற்றியதாக இருக்காது. "இதுல என்ன வில்லங்கம்?" என்பதாகத்தான் இருக்கும்.

விற்காத வீட்டுக்குச் சொந்தக்காரர் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: மார்க்கெட் டல், புரோக்கர் சரியில்லை, நேரம் சரியில்லை. சித்தப்பா மூன்றையும் சொன்னார். நான் அவரிடம் கேட்டது வேறு. "இதுவரை எத்தனை பேர் போன் பண்ணினாங்க, எத்தனை பேர் நேர்ல வந்தாங்க, எத்தனை பேர் விலை பேசினாங்க?" தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தார் மனுஷர். அந்தத் தாள்கள்தான் நோயைக் காட்டிக்கொடுத்தன.

வீடு வாங்க வருபவர் ஒவ்வொரு படியாகத்தான் ஏறி வருவார். முதலில் விளம்பரத்தைப் பார்க்கிறார், பிறகு போன் செய்கிறார், அப்புறம் நேரில் வருகிறார், விலை பேசுகிறார், கடைசியாகப் பத்திரத்தை வக்கீலிடமும் வங்கியிடமும் கொடுக்கிறார். போனே வரவில்லை என்றால் கோளாறு விலையிலோ விளம்பரத்திலோ இருக்கிறது. போன் வந்தும் ஆள் வரவில்லை என்றால், போனில் நீங்கள் சொல்லும் ஏதோ ஒரு பதில் ஆளைத் திருப்பி அனுப்புகிறது. வந்து பார்த்துவிட்டு "வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள் திரும்பவில்லை என்றால் குறை வீட்டுக்குள்ளே. பேசி முடித்த பிறகு கலைந்தால் பத்திரத்தில். எந்தப் படியில் ஆள் நிற்கிறார் என்று தெரியாமல் விலையை மட்டும் குறைத்துக்கொண்டே போவது, பல்வலிக்குத் தலைவலி மாத்திரை போடுகிற கதை.

விலை எங்கிருந்து வருகிறது?

1.35 கோடி என்று எப்படி வந்தது என்று கேட்டேன். "அடுத்த தெருவுல ஒண்ணு நாற்பதுக்குப் போச்சும்மா. அதுல மாடுலர் கிச்சன் கூடக் கிடையாது" என்றார். விசாரித்ததில் அடுத்த தெரு வீடு மூலை மனை, 1,800 சதுர அடி. சித்தப்பா வீட்டைவிட ஒன்றரை மடங்கு நிலம்.

தனி வீட்டில் விலையைத் தாங்குவது நிலம்தான். கட்டடம் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே போகும். வங்கி மதிப்பீட்டாளர் போடும் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். அந்தத் தெருவில் அப்போது காலி மனை சதுர அடி 7,000 ரூபாய்க்குக் கைமாறிக்கொண்டிருந்தது. 1,200 அடிக்கு 84 லட்சம். அதே மாதிரிக் கட்டடத்தை இன்றைக்குப் புதிதாகக் கட்ட அடிக்கு 2,400 என்று வைத்தால் 24 லட்சம். வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம் தேய்மானம் என்றால் 20 வருஷத்தில் 30 சதவீதம் போகும், மிச்சம் 16 லட்சத்து 80 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் ஒரு கோடியே 80 ஆயிரம். சித்தப்பா சொன்னதற்கும் இதற்கும் நடுவே சுமார் 34 லட்சம் இடைவெளி.

அந்த 34 லட்சத்தில் என்னென்ன இருந்தது தெரியுமா? சமையலறைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் செலவழித்த 9 லட்சம். மகன் பெங்களூரில் பார்த்து வைத்திருந்த ஃபிளாட்டுக்குத் துண்டு விழுந்த தொகை. "பேரம் பேசுவாங்க, கொஞ்சம் ஏத்திச் சொல்லு" என்று மச்சான் சொன்ன யோசனை. மீதி, இருபது வருஷம் அந்த வீட்டில் வாழ்ந்த பாசம். இதில் ஒன்றுக்குக்கூட வாங்குபவர் காசு கொடுக்க மாட்டார். நீங்கள் போட்ட சமையலறையை அவர் உடைத்துவிட்டு வேறு போடத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

அக்கம்பக்கத்து விலையைத் தெரிந்துகொள்ள இணையதள விளம்பரங்களைப் பார்த்துப் பயனில்லை. அங்கே இருப்பது கேட்கும் விலை. விற்காமல் கிடப்பவைதான் அங்கே அதிக நாள் தங்கும் என்பதால், விற்காத விலைகளின் கண்காட்சி என்றே அதைச் சொல்லலாம். பதிவான விலையைப் பார்க்கத் தமிழ்நாட்டில் ஒரு வழி இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, இலவசமாகவே பார்வையிடலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் போதும். உங்கள் வீட்டு எண்ணை மட்டும் போட்டுவிட்டு விடாதீர்கள், அடுத்தடுத்த எண்களையும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கிரயத்துக்கும் "கைமாற்றுத் தொகை", "சந்தை மதிப்பு" என்று இரண்டு தொகை இருக்கும். சிலர் தொகையைக் குறைத்துக் காட்டிப் பதிவதால் கைமாற்றுத் தொகையை அப்படியே நம்ப முடியாது. ஆனாலும் கடந்த இரண்டு வருஷத்துப் பத்திரங்கள் ஐந்தாறு பார்த்தால், தெருவின் நிலவரம் ஓரளவு பிடிபட்டுவிடும். அதில் வங்கிக் கடனோடு நடந்த கிரயங்கள் இருந்தால் அவற்றை அதிகம் நம்பலாம்.

அரசின் வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலை என்று நினைப்பவர்களும் உண்டு. அது முத்திரைத்தாள் கட்டணத்துக்காக அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு. சில இடங்களில் சந்தையைவிடக் கீழே இருக்கும், சில இடங்களில் மேலேயே இருக்கும். விற்கும் தொகையைவிட அரசு மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடினால், வருமான வரிக்கு அரசு மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்குபவர் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகுதான் சித்தப்பா வாயடைத்துப் போனார். ஒன்பதாவது மாதத்தில் ஒருவர் 1.20 கோடிக்குச் சம்மதித்து, டோக்கன் அட்வான்ஸும் கொடுத்து, கடைசியில் கலைந்துபோயிருந்தது. "அந்தாளுக்கு மனசு மாறிடுச்சு" என்பது சித்தப்பாவின் விளக்கம். நடந்தது வேறு.

வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், 75 லட்சத்துக்கு மேல் 75 சதவீதம். இங்கே மதிப்பு என்பது நீங்கள் பேசிய விலை மட்டுமல்ல. வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்வது அதைவிடக் குறைவாக இருந்தால் அதைத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். அந்த மதிப்பீட்டாளர் இதே நிலம், கட்டடக் கணக்கைப் போட்டு ஒரு கோடி என்று எழுதிவிட்டார். கடன் 75 லட்சம். மிச்சம் 45 லட்சம் அவர் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம். 2023 ஏப்ரலில் 4-இலிருந்து 2 ஆகக் குறைத்த பதிவுக் கட்டணத்தையும் சேர்த்தால் 9 சதவீதம். 1.20 கோடிக்கு அது 10 லட்சத்து 80 ஆயிரம். ஆக 55 லட்சத்து 80 ஆயிரம் ரொக்கமாகத் தேவை.

இதே வீடு ஒரு கோடி என்றால்? கடன் அதே 75 லட்சம். கையிலிருந்து 25 லட்சம், பதிவுக்கு 9 லட்சம், மொத்தம் 34 லட்சம். விலையில் வித்தியாசம் 20 சதவீதம்தான், கைப்பணத்தில் வித்தியாசம் 64 சதவீதம்! சிட்லப்பாக்கத்தில் அரை கிரவுண்டு வீடு தேடும் மாதச் சம்பளக்காரக் குடும்பத்தில் 34 லட்சத்தை நகை, பி.எஃப்., மாமனார் உதவி என்று எப்படியோ புரட்டிவிடுவார்கள். 56 லட்சம் புரட்டக்கூடியவர் இரண்டு தெரு தள்ளிப் புது வீடாகப் பார்ப்பார். கூடுதலாகச் சொன்ன 20 லட்சம், வாங்கக்கூடிய கூட்டத்தையே மாற்றிவிட்டது.

"பாதியைக் கேஷாக் கொடுங்க" என்று கேட்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். கடன் வாங்குபவரிடம் கறுப்பில் கொடுக்கப் பணம் இருக்காது. அதுபோக, அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விழுவது வாங்கிக்கொண்ட உங்கள் தலையில்தான்.

பத்திரக் கட்டு

அந்த 1.20 கோடி பேரம் கலைந்ததற்கு இரண்டாவது காரணமும் உண்டு. பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. 2003-இல் மனை வாங்கிய சித்தப்பா அதைத் தன் பெயருக்கு மாற்றவே இல்லை. "கிரயப் பத்திரம்தான் கையில இருக்கே" என்று இருந்துவிட்டார். வங்கி வக்கீலின் லீகல் ஒப்பீனியன் அந்த இடத்தில் நின்றது.

விளம்பரம் போடும் முன்பே ஒரு வக்கீலிடம் 30 வருஷ வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது எல்லாவற்றையும் கொடுத்து உங்கள் செலவில் ஒரு ஒப்பீனியன் வாங்கிவிடுங்கள். வங்கி கேட்கப்போகும் கேள்வியை நீங்களே முதலில் கேட்டுக்கொள்வதற்குச் சமம். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால், வரன்முறைப்படுத்திய உத்தரவு இருக்கிறதா என்பது தலையாய கேள்வி. வாரிசுகள் விற்பதாக இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தயாராக இருக்க வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் பவர் பத்திரமும் சேர்த்து. உங்கள் பேரில் இருந்த பழைய வீட்டுக் கடனை அடைத்தாயிற்று என்றால், அடமானத்தை ரத்து செய்த பதிவு வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி.

சித்தப்பாவின் பட்டா மாறி வர ஏழு வாரம் ஆனது. அதுவரை விளம்பரத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடச் சொன்னேன். "சுத்துற வீடு" கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருப்பதும் நல்லதுதான்.

விளம்பரம்

பழைய விளம்பரம் இப்படி இருந்தது: "சிட்லப்பாக்கத்தில் அருமையான தனி வீடு, ராசியான வீடு, ஏர்போர்ட் 10 நிமிடம், பள்ளி கல்லூரி அருகில், விலை பேசித் தீர்மானிக்கலாம்." படம் மூன்று. முதல் படத்தில் பூட்டிய கேட். இரண்டாவதில் கொடியில் காயும் துணி. மூன்றாவது, ராத்திரி டியூப்லைட்டில் எடுத்த ஹால், நடுவில் சித்தப்பாவின் கால்.

"ராசியான வீடு" என்று படித்துவிட்டு யாரும் போனை எடுப்பதில்லை. தென்சென்னையில் வீடு தேடுபவர் கேட்கும் கேள்விகள் ஊரறிந்தவை. மழைக்குத் தண்ணீர் ஏறுமா? போர் தண்ணீர் உப்பா? கார் உள்ளே வருமா? எந்தத் திசை? பாதாளச் சாக்கடை உண்டா? ஏரிப் பக்கத்து ஊர் என்றாலே 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் எல்லோர் மனதிலும் இருக்கின்றன. அதைச் சொல்லாமல் விட்டால் தண்ணீர் ஏறியிருக்கும் என்றே எடுத்துக்கொள்வார்கள். புதிதாக எழுதியது இது:

"1,200 சதுர அடி மனை, 1,000 சதுர அடி கட்டடம், 2004. கிழக்குப் பார்த்தது. 24 அடி தார்ச் சாலை, போர்ட்டிகோவில் ஒரு கார் நிற்கும். 2015-இல் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை. 2023-இல் வாசல் படியோடு நின்றது. போர் தண்ணீர் லேசான உப்பு, குடிக்கக் கேன். சானடோரியம் ரயில் நிலையத்துக்கு டூவீலரில் போகலாம், நடந்தால் தூரம். பட்டா, வரைபட அனுமதி, வக்கீல் கருத்து கையில் உள்ளன. ஒரு கோடி."

சித்தி பதறிவிட்டார். "உப்புத் தண்ணின்னா யார் வருவா?" என்றார். வந்து குழாயைத் திறந்து பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போகிறவர்கள் இனி வரமாட்டார்கள், அவ்வளவுதான். உப்போடு வாழப் பழகிய ஏரியாக்காரர்கள் வருவார்கள். குறையை முதலிலேயே சொன்னவர் மற்றதையும் உண்மையாகத்தான் சொல்வார் என்ற நம்பிக்கையும் வருகிறது. இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமே உண்டு.

விலையை ஒரு கோடி என்று முழுதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இணையதளத்தில் தேடுபவர்கள் "ஒரு கோடி வரை" என்று வடிகட்டித்தான் பார்க்கிறார்கள். 1.02 என்று போட்டால் அந்த இரண்டு லட்சத்துக்காகப் பெருங்கூட்டத்தின் கண்ணிலேயே படாமல் போய்விடுவோம். பேரத்துக்கு மூன்று, நான்கு சதவீதம் இடம் விட்டால் போதும்.

படங்களைக் காலை வெளிச்சத்தில், ஜன்னல்களைத் திறந்து வைத்து, அறை மூலையில் நின்று எடுத்தோம். மொட்டை மாடி, மோட்டார், மீட்டர் பெட்டி, வாசலில் நின்று பார்த்தால் தெரியும் தெரு என்று பதினைந்து படம்.

வந்து பார்ப்பவர்

மாடி அறைக் கூரையில் ஓதம் பிடித்துத் திட்டுத் திட்டாகக் கறை. வந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்ததைச் சித்தியே கவனித்திருக்கிறார். அதன்மேல் பெயிண்ட் அடித்து மறைத்தால் அடுத்த மழையில் காட்டிக்கொடுத்துவிடும். மொட்டை மாடிக்கு வாட்டர் புரூஃபிங் செய்து, பிறகு பெயிண்ட் அடித்தோம், 48,000 ரூபாய் ஆனது. அதற்கு மேல் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம் என்றேன். விற்கப்போகும் வீட்டில் ஒழுகல், உடைந்த கதவு, எரியாத விளக்கு ஆகியவற்றைச் சரிசெய்தால் போதும்.

ஆளில்லாத வீடு என்றால் மின் இணைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். போன் டார்ச்சில் பார்க்கிற வீட்டை யாரும் வாங்குவதில்லை. தெற்குப் பார்த்த வீடு, தெருக்குத்து போன்றவற்றுக்கு மருந்து கிடையாது. வாஸ்து பார்ப்பவரிடம் வாதாடி நேரத்தை வீணாக்காமல், பார்க்காதவர் வரும்வரை காத்திருக்கலாம், அல்லது விலையில் விட்டுக்கொடுக்கலாம்.

பத்துப் புரோக்கரிடம் சொல்லி வைத்தால் சீக்கிரம் விற்கும் என்பது நம்மூர் நம்பிக்கை. சித்தப்பா வீடு ஒரே நேரத்தில் 1.28, 1.35, 1.42 என்று மூன்று விலையில் சுற்றிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா? இரண்டே பேரிடம், ஒரே விலை, கமிஷன் எவ்வளவு என்று முதலிலேயே பேசிக் கொடுத்தோம். கூடவே தெருவில் நாலு வீட்டில் நேரில் போய்ச் சொன்னோம். தங்கள் உறவுக்காரர் பக்கத்திலேயே குடிவர வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருப்பார்கள்.

குறைப்பது எப்போது?

சரியான விலையும் சரியான விளம்பரமும் இருந்து ஆறேழு வாரத்தில் உருப்படியாக ஒருவரும் வந்து பேசவில்லை என்றால் ஒரே தடவையாக, கண்ணில் படும்படி, ஐந்து சதவீதமாவது குறைக்க வேண்டும். மாதம் ஒரு லட்சம் என்று சொட்டுச் சொட்டாகக் குறைத்தால், பார்க்கிறவர் "இன்னும் இறங்கும்" என்று காத்திருப்பார். ஆடியிலும் மார்கழியிலும் போன் வராததை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது யாருக்கும் வராது.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. ஒரு கோடியை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டிருந்தால், அந்தப் பதினான்கு மாதத்தில் எட்டு லட்சத்துக்கு மேல் வந்திருக்கும். இது தவிர, 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் விற்பனையில் வாங்குபவர் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார் என்பதையும், நீண்ட கால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் என்பதையும் கைக்கு வரும் தொகையில் கழித்துப் பாருங்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், உள்நாட்டில் வசிப்பவர்கள் விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம் கட்டும் பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். ஆடிட்டரிடம் இதை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

புது விளம்பரம் போட்ட முதல் இரண்டு வாரத்தில் இருபத்திரண்டு போன் வந்தது. ஒன்பது பேர் நேரில் வந்தார்கள், மூன்று பேர் விலை பேசினார்கள். மூன்றாவது ஆள், எதிர் வரிசையில் மூன்று வீடு தள்ளியிருப்பவரின் மருமகன், தாம்பரத்தில் இருக்கும் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை. 97 லட்சத்துக்கு முடிந்தது. வங்கி 71 லட்சம் கொடுத்தது. "ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி பதிவு முடிச்சிடணும்" என்று அவர்களே அவசரப்படுத்தினார்கள். பதிவு முடிந்து திரும்பும்போது, காரில் சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அந்த மாடுலர் கிச்சனை அப்படியே வச்சுக்கறாங்களாம்மா?" என்று கேட்டார். உடைக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.